பூவா தலையா: ரோமானிய வெள்ளிக் காசு கைக்கு வந்தா எப்படிப் படிக்கிறது?

பெங்களூர்ல யஷ்வந்த்பூர் ஸ்டேஷன்ல ஊருக்குப் போற வண்டிக்காக நிக்கிறப்பல்லாம் பக்கத்துல யாராவது மாட்டினா இந்தக் கதையைச் சொல்லாம விட மாட்டேன், 1891ல இதே யஷ்வந்த்பூர்ல மண்ணுக்குள்ள இருந்து 163 ரோமானிய வெள்ளிக் காசு கிடைச்சுது, எல்லாம் ரெண்டாயிரம் வருஷத்துப் பழசு. இங்க விமானம் செய்யற எச்ஏஎல் கம்பெனி பக்கமும் இதே மாதிரி ஒரு புதையல் கிடைச்சிருக்கு. கேக்குறவங்க கண்ணை விரிப்பாங்க, "அப்படியா!"ம்பாங்க, அடுத்த கேள்வி கண்டிப்பா "இப்ப வித்தா என்ன தேறும்?" அவ்ளோதான், பேச்சு அங்கேயே படுத்துரும்.

விலையை விடுங்க. அந்தக் காசுல என்ன எழுதியிருக்கு, என்ன படம் போட்டிருக்கு, அதை ஏன் போட்டாங்கன்னு படிக்கத் தெரிஞ்சா அதுல இருக்கிற சுவாரசியமே தனி. இதுக்கு லத்தீன் படிக்கணும்னு அவசியம் இல்ல. நானே சாஃப்ட்வேர் ஆளு, வரலாறு பத்தாங்கிளாஸோட முடிஞ்சுது. பத்துப் பதினஞ்சு எழுத்துச் சுருக்கமும், அதே அளவு படங்களோட அடையாளமும் தெரிஞ்சா பெரும்பாலான காசை ஓரளவுக்கு நீங்களே படிச்சிரலாம்.

எனக்குச் சொல்லிக் குடுத்தது காக்ஸ் டவுன்ல இருக்கிற என் ஃப்ரெண்டோட அப்பா. எச்ஏஎல்ல வேலை பாத்து ரிட்டயர் ஆனவர், லைசன்ஸ் உள்ள ஏலத்துல பில்லோட வாங்கின காசு நாலஞ்சு வெச்சிருக்கார். மொத தடவை போனப்ப டைனிங் டேபிள்ல ஒரு வெள்ளைத் துண்டை விரிச்சு, சின்னக் கவர்ல இருந்து ஒரு காசை எடுத்து வெச்சு, "தம்பி, இராயன் காசு பாத்திருக்கியா?"ன்னார். எனக்கு ஒண்ணும் புரியல. பைபிள்ல இயேசு ஒரு வெள்ளிக் காசைக் காட்டச் சொல்லி "இதுல யாரோட உருவம், யாரோட எழுத்து"ன்னு கேப்பாருல்ல, அது டைபீரியஸ்ங்கிற ரோமானிய ராஜாவோட இந்தக் காசாத்தான் இருக்கும்னு ரொம்பக் காலமா சொல்றாங்க, தமிழ் பைபிள்ல சீசருக்கு இராயன்னுதான் போட்டிருக்கு, அதான் அங்கிளுக்கு அது இராயன் காசு. நான் பாஞ்சு அதை எடுக்கப் போனேன், கையைத் தட்டி விட்டார். "மொதல்ல மூஞ்சியைப் பாக்காதே. எடையைப் பாரு."

அதனால நாமளும் அங்கேருந்தே ஆரம்பிப்போம்.

இந்த வெள்ளிக் காசுக்குப் பேரு தெனாரியஸ். கி.மு. 211 வாக்குல ரோம்ல அடிக்க ஆரம்பிச்சாங்க. நம்ம ஒரு ரூபாய் காசை விடச் சின்னது, குறுக்க 17ல இருந்து 19 மில்லிமீட்டர் இருக்கும், ரோமோட முதல் பேரரசர் அகஸ்டஸ் காலத்துல ஒரு ரோமானிய ராத்தல் வெள்ளிக்கு 84 காசு கணக்கு, அதாவது ஒண்ணு ஏறக்குறைய 3.9 கிராம், தேய்ஞ்சு போனதால இப்ப நிறுத்தா கொஞ்சம் குறையக் காட்டும். கி.பி. 64ல நீரோ வந்து ராத்தலுக்கு 96 ஆக்கிட்டார், 3.4 கிராம்தான், வெள்ளியோட சுத்தத்துலயும் கை வெச்சார். ஆன்லைன்ல கிடைக்கிற பாக்கெட் தராசு போதும், ஆனா புள்ளிக்கு அப்புறம் ரெண்டு இலக்கம் காட்டணும், கிச்சன்ல மாவு நிறுக்கிறது ஆகாது. அகஸ்டஸ் காசுன்னு ஒருத்தர் நீட்டி, தராசு 5.6னு காட்டுச்சுன்னா நன்றி சொல்லிட்டு எழுந்து வந்துருங்க.

எடை பாக்கிறதுல ஒரு அழகான கதையும் இருக்கு. பிளினின்னு ஒரு ரோமானிய எழுத்தாளர், கி.பி. முதல் நூற்றாண்டுக்காரர், அவர் எழுதி வெச்சது. கிளாடியஸ் காலத்துல செங்கடல் வரி வசூல் குத்தகைக்காரர் ஒருத்தரோட ஆள் அரேபியாவைச் சுத்திக் கப்பல்ல போறப்ப காத்து அடிச்சுத் தள்ளி பதினஞ்சாவது நாள் இலங்கையில போய் ஒதுங்கிட்டானாம். அங்க இருந்த ராஜா அவன்கிட்ட இருந்த தெனாரியஸை எல்லாம் வாங்கிப் பாத்தாராம், காசுல இருக்கிற உருவம் வேற வேற, அடிச்ச ஆள் வேற வேற, ஆனா எடை மட்டும் ஒண்ணா இருக்கு, இவனுங்க நேர்மையான ஆளுங்கன்னு அதுலயே அசந்து போயிட்டாராம். பாருங்க, ரோம்ல ராஜா தன் மூஞ்சியைப் போட மெனக்கெட்டா, இங்க நம்ம பக்கம் மூஞ்சியைத் தள்ளி வெச்சிட்டு தராசைத்தான் தூக்கியிருக்காங்க.

எடை சரியா இருந்தா அடுத்து விளிம்பு. விளிம்பை மட்டும் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல புடிங்க, காசோட முகத்துல விரல் படக்கூடாது, கீழ ஒரு துண்டு கண்டிப்பா இருக்கணும், ஏன்னா மண்ணுல கெடந்த வெள்ளி உள்ளுக்குள்ள நொறுங்கிப் போயிருக்கும், கீழ போட்டா பிஸ்கட் மாதிரி ரெண்டா உடைஞ்ச காசு உண்டு. ஃபோன் டார்ச்சை மேல இருந்து அடிக்காதீங்க, எல்லாம் வெளுத்துப் போயிரும், பக்கவாட்டுல டேபிள் மட்டத்துல இருந்து அடிச்சுக் காசை மெதுவா சுத்தினீங்கன்னா எழுத்தெல்லாம் நிழல் விழுந்து எழுந்து நிக்கும். வாட்ச் ரிப்பேர் பண்றவர் கண்ணுல செருகிக்கிற லென்ஸ் ஒண்ணு சிக்பேட்டைப் பக்கம் வாங்கிக்கங்க, அது பத்து மடங்கு காட்டுச்சுன்னா தாராளம்.

ரோமானியக் காசு வார்த்தது கிடையாது, அடிச்சது. கீழ ஒரு அச்சு, நடுவுல சூடான வெள்ளி வில்லை, மேல இன்னொரு அச்சு, சுத்தியலால ஓங்கி ஒண்ணு. கை வேலைங்கிறதால படம் ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும், ஓரத்துல சின்னதா வெடிப்பு விட்டிருக்கும், முழு வட்டமாவே இருக்காது. புதுசா பாக்குறவங்க இதையெல்லாம் குறைன்னு நெனச்சுக்குவாங்க, எனக்கு இதெல்லாம் இருந்தாத்தான் மனசு நிம்மதி. இதுக்கு மாறா, விளிம்பைச் சுத்தி ஒரு கோடு ஓடுதா, அதை அரம் போட்டுத் தேய்ச்ச தடம் இருக்கா, எழுத்து ஓரமெல்லாம் கரைஞ்ச சோப்பு மாதிரி மழுங்கி இருக்கா, பரப்புல குட்டிக் குட்டியா காத்துக் குமிழி ஓட்டை இருக்கான்னு பாருங்க. அதெல்லாம் அச்சுல ஊத்தி வார்த்ததோட லட்சணம்.

இதுல நான் பட்டது உண்டு. ஆரம்பத்துல ஒரு ஞாயித்துக்கிழமை நடைபாதைக் கடையில 800 ரூபாய்க்கு ஒரு "ரோமன் சில்வர்" வாங்கிட்டு வந்து வீட்ல எல்லாருக்கும் காட்டி, தங்கச்சி புருஷன் கிட்ட அரை மணி நேரம் லெக்சர் வேற குடுத்தேன். டைபீரியஸ் கன்னத்துல ஒரு கீறல், மூக்குல இருந்து காது வரைக்கும், ரெண்டாயிரம் வருஷத்துல எந்தப் போர்ல பட்டுதோன்னு கதை விட்டேன். ரெண்டு வருஷம் கழிச்சு வேற ஊர்ல வேற கடையில அதே காசு, அதே கன்னம், அதே கீறல், ஒரு ட்ரே நிறைய. ஒரே மச்சத்தோட இருபது பிள்ளைங்க. கையால அடிச்ச காசு ரெண்டு ஒரே அச்சுல வந்திருக்கலாம், ஆனா பின்னாடி விழுந்த கீறல் ரெண்டுலயும் ஒரே இடத்துல இருக்கவே முடியாது. அந்தக் காசு இப்பவும் என் மானிட்டர் கீழ இருக்கு, பேப்பர் பறக்காம இருக்க.

போலியிலயும் பழைய போலி ஒண்ணு உண்டு, அந்தக் காலத்துலயே உள்ள செம்பு வெச்சு மேல வெள்ளித் தகடு போத்தி அடிச்சுத் தள்ளினது. தேய்ஞ்ச இடத்துல பச்சையாவோ சிவப்பாவோ எட்டிப் பாக்கும், எடையும் குறையும். இது ஏமாத்து வேலைதான்னாலும் ரெண்டாயிரம் வருஷத்து ஏமாத்து வேலைங்கிறதால எனக்கு இது மேல கொஞ்சம் மரியாதை.

சரி, இப்ப தலைப் பக்கம் திருப்பலாம்.

நம்ம ஊர்ல தலைவர் பிறந்தநாளுக்கு ரோட்டை அடைச்சு ஃப்ளெக்ஸ் வெப்பாங்கல்ல, அதைப் படிக்கத் தெரிஞ்சவங்களுக்கு இந்தக் காசையும் படிக்கத் தெரியும். பெரிய மூஞ்சி, பேருக்கு முன்னாடி பின்னாடி பட்டங்கள், பரம்பரைப் பெருமை, அவ்ளோதான் விஷயம். ஃப்ளெக்ஸ்ல தலைவருக்கு வயசே ஏறாது, அகஸ்டஸுக்கும் ஏறல. கி.மு. 63ல பொறந்து கி.பி. 14ல செத்தவர், கிட்டத்தட்ட 76 வயசு, ஆனா கடைசிக் காசு வரைக்கும் முப்பது வயசுப் பையன் மாதிரி சுருக்கம் இல்லாத கழுத்து, கலைஞ்ச முன்முடி. அதுக்கு நேரெதிர் வெஸ்பாசியன், வழுக்கை, மடிஞ்ச கழுத்து, நெத்திச் சுருக்கம் எல்லாம் அப்படியே போடச் சொல்லிட்டார், ஏன்னா உள்நாட்டுச் சண்டை முடிஞ்சு பதவிக்கு வந்த படைத்தளபதி அவரு, நான் அனுபவஸ்தன், ஆட்டம் போடுற ஆள் இல்லன்னு காட்டணும். நீரோ இன்னொரு ரகம், வருஷாவருஷம் காசை வரிசையா வெச்சுப் பாத்தா கழுத்து பெருத்துக்கிட்டே போறது தெரியும்.

உயிரோட இருக்கிற ஆள் மூஞ்சியை ரோம்ல அடிச்ச காசுல போடுறதுங்கிறதே ஜூலியஸ் சீசர்ல இருந்துதான், கி.மு. 44ல. அது வரைக்கும் தெய்வங்களும் செத்துப்போன முன்னோர்களும்தான். ராஜா மாதிரி மூஞ்சியைப் போட்டுக்கிட்டான்னு அதுக்கே பலருக்கு எரிச்சல், அதே வருஷம் மார்ச்ல குத்திக் கொன்னுட்டாங்க. இதுல கூத்து என்னன்னா, கொன்ன புரூட்டஸே அடுத்த ரெண்டு வருஷத்துக்குள்ள தன் மூஞ்சியைப் போட்டு ஒரு காசு அடிச்சார், பின்பக்கம் ரெண்டு கத்தி, நடுவுல விடுதலை அடைஞ்ச அடிமை போடுற தொப்பி, கீழ கொலை நடந்த தேதி. ராஜா வேணாம்னு சொன்ன ஆளுக்கும் ஃப்ளெக்ஸ் ஆசை விடல.

மூஞ்சியை வெச்சு சட்டுனு காலம் சொல்ல ஒரு குறுக்கு வழி இருக்கு. தாடியைப் பாருங்க. முழுத் தாடியோட இருந்தா பெரும்பாலும் ஹாட்ரியன் அல்லது அவருக்கு அப்புறம், அதாவது கி.பி. 117க்குப் பின்னாடி, அவருதான் கிரேக்க மோகத்துல தாடி ஃபேஷனை ஆரம்பிச்சு வெச்சது. அப்புறம் தலையில என்ன இருக்குன்னு பாருங்க. இலை மாலையா இருந்து பின்கழுத்துல ரிப்பன் தொங்குச்சுன்னா அது வெற்றி மாலை, நம்மாளுங்க வாகை சூடுறதுன்னு சொல்றோமே அந்தக் கணக்கு. மாலைக்குப் பதிலா முள்ளு முள்ளா சூரியக் கதிர் மாதிரி கிரீடம் இருக்கிற வெள்ளிக் காசுன்னா அது தெனாரியஸே இல்ல, காரகல்லா கி.பி. 215ல ஆரம்பிச்ச பெரிய காசு, ரெண்டு தெனாரியஸ் மதிப்புன்னு நெனைக்கிறாங்க, ஆனா உள்ள இருந்தது ஒண்ணரை தெனாரியஸ் வெள்ளிதான். அதுவும் அடுத்த அம்பது வருஷத்துல நாசமாப் போயி, வெள்ளி நூத்துக்கு அஞ்சு கூட தேறாத செம்புக் காசா ஆயிருச்சு.

அடுத்து எழுத்து. இங்கதான் எல்லாரும் பயந்து ஓடுவாங்க, தேவையே இல்ல. மூணு விஷயம் மனசுல வெச்சுக்கங்க. வார்த்தைக்கு நடுவுல இடம் விட மாட்டாங்க, எல்லாம் ஒட்டிக்கிட்டு ரயில் பெட்டி மாதிரி வரும். யு-ங்கிற எழுத்து கிடையாது, அதுக்கும் வி-தான், அதே வி அஞ்சுங்கிற நம்பருக்கும் வரும், இடத்தைப் பாத்துப் புரிஞ்சுக்கணும். எங்க ஆரம்பிக்கிறதுங்கிறது காசுக்குக் காசு மாறும், ஆனா பிற்காலக் காசுல பொதுவா கடிகாரத்துல ஏழு மணி இருக்கிற இடத்துல ஆரம்பிச்சு முள் சுத்துற பக்கமாவே போகும்.

சுருக்கங்கள் எல்லாம் பட்டம்தான். ஐ.எம்.பி.ன்னா இம்பெராட்டர், படைத் தலைவன். ஏ.வி.ஜி.ன்னா அகஸ்டஸ், பேரா இருந்தது பட்டமா ஆயிருச்சு. பி.எம்.ன்னா பிரதம மந்திரி இல்லீங்க, தலைமைப் பூசாரி. பி.பி.ன்னா பிரஷரும் இல்ல, தேசத்தின் தந்தை. டி.ஆர்.பி.ன்னு பாத்ததும் சீரியல் ரேட்டிங் ஞாபகம் வரும், அது மக்கள் பிரதிநிதிக்கான அதிகாரம், ராஜாவுக்கு அது வருஷா வருஷம் புதுப்பிக்கப்படும், அதனால அது பக்கத்துல நம்பர் இருந்தா எத்தனாவது வருஷ ஆட்சின்னு கண்டுபிடிச்சிரலாம். சி.ஓ.எஸ்.ன்னா கான்சல்ங்கிற ரோமோட உச்சப் பதவி, பக்கத்துல இருக்கிறது எத்தனை தடவை வகிச்சார்ங்கிற கணக்கு. டி.ஐ.வி.ஐ. எஃப்.னு வந்தா தெய்வமானவரோட மகன், அதாவது எங்கப்பா செத்து சாமி ஆயிட்டார், நான் சாமி புள்ளன்னு அர்த்தம். ஜெர், டாக், பார்த் இதெல்லாம் ஜெயிச்ச ஊர்க்காரங்க பேரு, ஜெர்மானியர், டேசியர், பார்த்தியர், கங்கை கொண்டான் கடாரம் கொண்டான் மாதிரி.

ஒரு காசை முழுசா படிச்சுப் பாப்போம், அங்கிள்கிட்ட இருக்கிற டிராஜன் காசு. தலைப் பக்கம் ஐ.எம்.பி., அப்புறம் டிராயானோ, ஏ.வி.ஜி., ஜெர், டாக், பி.எம்., டி.ஆர்.பி. பின்பக்கம் சி.ஓ.எஸ்., ஒரு வி, பி.பி., எஸ்.பி.க்யூ.ஆர்., ஆப்டிமோ பிரின்ஸ். டிராயானோன்னு ஓ-வுல முடியுதுல்ல, அது நம்ம நாலாம் வேற்றுமை "கு" மாதிரி, டிராஜனுக்கு. படைத்தலைவர் டிராஜன் அகஸ்டஸுக்கு, ஜெர்மானியரையும் டேசியரையும் வென்றவருக்கு, தலைமைப் பூசாரிக்கு, மக்கள் அதிகாரம் பெற்றவருக்கு, அஞ்சாவது முறை கான்சலா இருக்கிறவருக்கு, தேசத்தின் தந்தைக்கு, ரோமானிய செனட்டும் மக்களும், தலைவர்களில் உத்தமருக்கு. அதாவது வாழ்த்து போஸ்டரே தான், கீழ "இவண்"னு செனட்டும் மக்களும். ஆனா அந்த ஒத்தை வி-யைப் பாருங்க. டிராஜன் அஞ்சாவது தடவை கான்சல் ஆனது கி.பி. 103ல, ஆறாவது தடவை 112ல. அப்ப இந்தக் காசு 103க்கும் 111க்கும் நடுவுல அடிச்சது. எழுத்தே தெரியாத லத்தீன்ல ஒரு எழுத்தை வெச்சு ஒம்போது வருஷத்துக்குள்ள காசைக் கட்டிப் போட்டாச்சு. இது எனக்கு முதல் தடவை புரிஞ்சப்ப அங்கிள் வீட்டு டைனிங் டேபிளைத் தட்டிட்டேன், ஆன்ட்டி காபி டம்ளர் ஆடிப் போச்சு.

இனிமே பூ பக்கம். என்னைக் கேட்டா தலைப் பக்கத்தை விட இதுதான் விஷயம் உள்ளது, தலை யாரு ஆள்றாங்கன்னு சொல்லும், பூ அவங்களுக்கு என்ன கவலைன்னு சொல்லிரும்.

நிறைய காசுல ஒரு பொண்ணு நிப்பா இல்ல உக்காந்திருப்பா. எல்லாம் ஒரே மாதிரி தெரியும், ஆனா நம்ம கோயில் சிற்பத்துல ஆயுதத்தைப் பாத்து இது துர்க்கை இது லட்சுமின்னு சொல்ற மாதிரி, கையில என்ன இருக்குன்னுதான் பாக்கணும். ஆலிவ் கிளைன்னா சமாதானம், இறக்கையும் மாலையும்னா வெற்றி, கப்பல் சுக்கானும் வழியிற கொம்புக் கூடையும்னா அதிர்ஷ்டம், கிண்ணத்துல இருந்து பாம்புக்கு ஊட்டினா ஆரோக்கியம், ஒரு கையில பூ வெச்சுக்கிட்டு இன்னொரு கையால பாவாடையைக் கொஞ்சம் தூக்கிப் புடிச்சா நம்பிக்கை. தராசு புடிச்சிருந்தா நேர்மை, இல்லன்னா நாணயச் சாலையோட தேவதை மோனேட்டா, எழுத்தைப் பாத்துத்தான் பிரிக்கணும். செப்டிமியஸ் செவெரஸ் காசுலயும் இந்தத் தராசுக்காரி வர்றா. காசுல வெள்ளியைப் பாதிக்குக் கொண்டுவந்த புண்ணியவான் அவர்தான். பாலுல தண்ணி ஊத்திட்டு பாக்கெட் மேல "சுத்தமான பசும்பால்"னு போடுறது மாதிரிதான்.

எது அதிகமா தம்பட்டம் அடிக்கப்படுதோ அது அப்ப இல்லாம இருந்திருக்கும்னு ஒரு சந்தேகத்தோடயே படிங்க, படைகளோட ஒற்றுமைன்னு காசு வந்தா படைக்குள்ள ஏதோ பொகையுதுன்னு அர்த்தம். இது என் கணக்கு, எல்லாத்துக்கும் பொருந்தாது, ஆனா அடிக்கடி பொருந்துது. முதலையைப் போட்டு "எகிப்து பிடிபட்டது"ன்னு அகஸ்டஸ் அடிச்சது, அழுதுகிட்டு உக்காந்திருக்கிற பொண்ணைப் போட்டு "யூதேயா"ன்னு வெஸ்பாசியன் அடிச்சது, இதெல்லாம் ஒளிவு மறைவே இல்லாத வெற்றி விளம்பரம், இதுக்கு விளக்கமே வேணாம்.

நம்ம பக்கத்துப் புதையல்ல நிறைய வர்றது ரெண்டே ரெண்டு படம், இது ரெண்டையும் மனப்பாடம் பண்ணிட்டா பாதி வேலை முடிஞ்சுது. ஒண்ணு அகஸ்டஸோடது. பின்னாடி ரெண்டு பசங்க டோகாங்கிற நீளத் துணியை உடுத்தி நேரா நிக்கிறாங்க, நடுவுல கேடயமும் ஈட்டியும், மேல ரெண்டு பூஜை சாமான், ஒண்ணு கரண்டி, இன்னொண்ணு வளைஞ்ச கோல். அந்தப் பசங்க கயஸும் லூசியஸும், அகஸ்டஸோட பொண்ணு வயித்துப் பேரன்கள், தாத்தாவே தத்தெடுத்து எனக்கு அப்புறம் இவங்கதான்னு ஊரு உலகத்துக்கே அறிவிக்கிறார். தேசத்தின் தந்தைங்கிற பட்டம் இருக்கிறதால கி.மு. 2க்கு முன்னாடி போகாது. பச்சையான வாரிசு அரசியல் விளம்பரம். ஆனா லூசியஸ் கி.பி. 2ல செத்தான், கயஸ் கி.பி. 4ல. காசு மட்டும் மூட்டை மூட்டையா கப்பல் ஏறி கருப்பு மிளகு வாங்க நம்ம பக்கம் வந்துக்கிட்டே இருந்துச்சு. கோயமுத்தூர் பக்கத்துல ஒரு மண்பானைக்குள்ள இந்த ரெண்டு பேரையும் போட்டுப் புதைச்ச ஆளுக்கு, இவங்க யாரு, இருக்காங்களா செத்தாங்களான்னு என்ன கவலை.

இன்னொண்ணு வேற வழியில்லாம பதவிக்கு வந்த டைபீரியஸோட காசு, இராயன் காசு. கி.பி. 14ல இருந்து 37 வரைக்கும் ஆண்டார், பெரும்பாலும் ஒரே படத்தையே திரும்பத் திரும்ப அடிச்சார், புதுசா யோசிக்கிற ஆள் இல்ல போல. பின்னாடி ஒரு பொண்ணு நாற்காலியில உக்காந்து ஒரு கையில செங்கோல், ஒரு கையில கிளை, எழுத்து தலைமைப் பூசாரின்னு மட்டும். பொண்ணு பேரு போடல. டைபீரியஸோட அம்மா லிவியான்னு சிலர், சமாதான தேவதைன்னு சிலர். நாற்காலிக் காலைப் பாருங்க, சிலதுல வெறும் கம்பி மாதிரி இருக்கும், சிலதுல கடைஞ்செடுத்த வேலைப்பாடு இருக்கும், கேட்டலாக்ல இதை வெச்சுத்தான் வகை பிரிக்கிறாங்க.

இப்ப திரும்பவும் தலைப் பக்கம் போயி டார்ச்சைப் பக்கவாட்டுல அடிங்க. அங்கிளோட டைபீரியஸுக்குக் காதுக்குக் கீழ ஒரு சின்னப் பள்ளம், அரை நிலா வடிவத்துல, கன்னத்துல இன்னொண்ணு புள்ளி மாதிரி. நான் சேதம்னு நெனச்சேன். அது யாரோ குத்தின முத்திரை. இந்தியாவுல கிடைச்ச ரோமானியக் காசு சிலதுல இப்படிக் குத்தும், உளி வெட்டும் இருக்கு, தங்கக் காசுல ராஜா மூஞ்சி குறுக்காலயே வெட்டு விழுந்தது உண்டு. உள்ள வெள்ளிதானா செம்பான்னு சோதிச்சாங்களா, இந்த உருவத்துக்கு இங்க மதிப்பு இல்ல, வெறும் உலோகம்தான்னு காட்டினாங்களா, ஆராய்ச்சியாளர்களுக்குள்ள இன்னும் பேச்சு ஓடிக்கிட்டுதான் இருக்கு. வெள்ளியில முத்திரை குத்துறது நமக்குப் புதுசும் இல்ல, அதுக்கு ரொம்ப முன்னாடியே நம்ம முத்திரைக் காசு இருந்துச்சு. நான் அந்த அரை நிலாவை லென்ஸ்ல ரொம்ப நேரம் பாத்துக்கிட்டு இருந்தேன், உலகத்தோட பெரிய ராஜான்னு ரோம்ல நெனச்சுக்கிட்ட ஆளோட கன்னத்துல நம்ம ஊரு வியாபாரி ஒருத்தன் பொறுமையா ஒரு குத்து வெச்சிருக்கான்.

எழுத்து எல்லாம் கோணலா, கோடும் வட்டமுமா, படிக்கவே முடியாம இருந்தா உடனே போலின்னு தூக்கி எறியாதீங்க. லத்தீன் தெரியாத நம்ம பக்கத்து ஆளுங்க ரோமானியக் காசைப் பாத்து எழுத்தை வரைஞ்சு அடிச்ச நகல்களும் இருக்கு, தெரிஞ்சவங்ககிட்ட காட்டிட்டு முடிவு பண்ணுங்க.

படிச்சதை சரிபாக்க அமெரிக்க நாணயவியல் சங்கம் இணையத்துல வெச்சிருக்கிற ஓ.சி.ஆர்.இ. தளம் போதும், இலவசம், ராஜா பேரு, படம், எழுத்து எதைப் போட்டாலும் தேடிக் குடுக்கும். நேர்ல பாக்கணும்னா டபுள் டெக்கர் ரயில்ல ஏறி சென்னை எழும்பூர் மியூசியம் போங்க, தென்னிந்தியாவுல கிடைச்ச ரோமானியக் காசோட பெரிய சேகரிப்பு அங்கதான் இருக்கு.

ரெண்டு விஷயம் மட்டும் கண்டிப்பா. ஒண்ணு, தேய்க்காதீங்க. நம்ம வீட்ல வெள்ளிக் குத்துவிளக்கை விபூதி போட்டுப் பளபளன்னு தேய்ப்பாங்கல்ல, அந்தப் பாசம் இதுக்கு ஆகாது, புளி, எலுமிச்சை, பேஸ்ட் எதுவும் வேணாம், அந்தக் கருப்புப் படலம் போச்சுன்னா திரும்ப வராது, மெல்லிசா இருக்கிற எழுத்தும் சேந்து போயிரும். பிவிசி கவர்ல வைக்காதீங்க, அது வேர்த்து பச்சையா ஒட்டிக்கும், காகிதக் கவரே மேல். ரெண்டு, சட்டம். வீடு கட்ட அஸ்திவாரம் தோண்டுறப்ப காசுப் பானை கிடைச்சா அது உடனே உங்களுது ஆயிராது, 1878ம் வருஷத்துப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல மதிப்புன்னாலே கலெக்டருக்குத் தெரிவிக்கணும். 1972 பழம்பொருள் சட்டப்படி நூறு வருஷத்துக்கு மேல பழசானதை வியாபாரம் பண்ண லைசன்ஸ் வேணும், நாமளா நாட்டுக்கு வெளிய கொண்டு போகவும் முடியாது. பில் இல்லாம "எங்க தாத்தா வயல்ல கிடைச்சது சார்"னு யாராவது பஸ் ஸ்டாண்ட்ல காட்டினா ஒண்ணு போலி, இல்ல கேஸ், ரெண்டுமே வேணாம்.

இவ்ளோ படிச்ச அப்புறம் கரூர் காசு ஒண்ணை நெட்ல தேடிப் பாருங்க. அமராவதி ஆத்து மணல்ல கிடைச்ச சேரர் வெள்ளிக் காசு. ரோமானியக் காசுல இருக்கிற மாதிரியே பக்கவாட்டுல பாக்கிற ஒரு ராஜா தலை, ஆனா எழுத்து லத்தீன் இல்ல, தலைக்கு மேல தமிழ் பிராமியில மாக்கோதைன்னு பேரு. எடை போட்டுப் பாத்து கன்னத்துல குத்தி ஓரமா வெச்ச அதே ஊர்ல யாரோ ஒருத்தர் அந்த மூஞ்சிய நின்னு பாத்து, இது நமக்கும் நல்லா இருக்கும் போலயேன்னு நெனச்சிருக்கார். நான் இந்தப் படத்தை ஃபோன்ல பெருசு பண்ணி அங்கிள்கிட்ட நீட்டி, "பாருங்க அங்கிள், நம்மாளும் போட்டுட்டான்"னேன். கண்ணாடியை நெத்திக்கு ஏத்தி ரெண்டு நிமிஷம் பாத்தார். அப்புறம் ஃபோனைத் திருப்பிக் குடுத்துட்டுக் கேட்டார், "எடை என்ன போட்டிருக்கான்?"